மண்ணுக்குள்ளால் வரும் கரண்ட் பைப்பைச் சுவரோடு இறுக்கலாமா? நிலாவெளி வேலையில் ஒரு சண்டை

உவர்மலை வயரிங் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இந்தப் பக்கம் எழுதிக் கன நாள். இப்போது ஒரு சண்டையைத் தீர்க்க வேண்டியிருப்பதால் வந்திருக்கிறேன்.

வேலை திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளியில். கடற்கரைக்கும் உப்பளப் பக்கத்துக்கும் நடுவில் ஒரு வளவு, இரண்டு மாடி விடுதி. மீட்டரும் மெயின் சுவிட்சும் றோட்டோர மதிலை ஒட்டிய சின்ன அறைக்குள். அங்கிருந்து விடுதிக்கு நாலு கோர் 35 ஆர்மர் கேபிள் (உள்ளே 35 சதுர மி.மீ. கம்பி நாலு, சுற்றிவர இரும்புக் கம்பிக் கவசம்) மண்ணுக்குள்ளால் போகிறது. ஜெனரேட்டருக்கு இன்னொன்று, கமராவுக்கும் இன்டர்நெட்டுக்கும் சின்னக் குழாய் ஒன்று. கிடங்கு வெட்டி, மணல் போட்டு, 110 மி.மீ. எஸ்லோன் பிவிசி பைப்பைத் தாட்டு, சுவரில் ஓட்டை போட்டு உள்ளே எடுத்து, சுற்றிவரக் கலவை அடித்து மூடுவது. காலங்காலமாக நாங்கள் செய்வது இதுதான்.

முதலாளியின் மருமகன் நியூசிலாந்தின் வெலிங்டனில் கட்டுமானப் பொறியியலாளர். நிலநடுக்கத்தோடு குடும்பம் நடத்தும் ஊர் அது. அவர் அங்கிருந்து ஒரு வரைபடம் அனுப்பியிருக்கிறார். சுவரில் 160 பைப் துண்டு ஒன்றை உறையாக வைக்க வேண்டும். அதற்குள்ளால் 110 பைப் தொடாமல் போக வேண்டும். இடைவெளியைக் கலவையால் நிரப்பக் கூடாது, அமுங்கக்கூடிய ஏதாவது வேண்டும். சுவரிலிருந்து ஒன்றரை மீற்றர் தள்ளி ஒரு தொட்டி. அதற்குள் கேபிளை நீட்டாகப் போடாமல் வளைத்து விட வேண்டும். உள்ளேயும் உறையிலிருந்து 600 மி.மீ.க்குள் கேபிளுக்கு கிளிப் அடிக்கக் கூடாது. தொட்டிக்கும் சுவருக்கும் இடையில் 'நெகிழும் இணைப்பு' என்று ஒன்றைக் கீறியிருக்கிறார். உள்ளே செம்புப் பின்னலோடு, எந்தப் பக்கமும் முக்கால் அங்குலம் அசையக்கூடிய, 30 பாகை வரை சரியக்கூடிய ஒரு சாமான். அமெரிக்காவில் கடையில் கிடைக்குமாம். நான் திருமலையில் கேட்டேன், கொழும்பிலும் கேட்டுப் பார்த்தேன். 'படத்தை வாட்ஸ்அப்பில் போடுங்கள் அண்ணன்' என்றார்கள். போட்டேன். அதோடு பேச்சு முடிந்தது.

மேசன் பாஸ் சொல்கிறார்: 'ஓட்டையைச் சுத்திக் கலவை அடிக்காமல் விட்டால் எலி வரும், பாம்பு வரும், மாரியில தண்ணி வரும். பிறகு என்னைத்தான் கேப்பாங்க.' அதில் நியாயம் இருக்கிறது. கட்டட வேலையைப் பார்க்கும் இன்ஜினியர், 'திருகோணமலையில் எங்கே ஐயா பூகம்பம்' என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். முதலாளியோ மருமகன் சொன்னால் சொன்னதுதான் என்கிறார். நடுவில் நிற்பது நான்.

எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். நிலநடுக்கம் உள்ள நாடுகளில் இந்த இடத்தில் உண்மையில் என்ன நடக்கிறது? நம் மண்ணுக்கு இது தேவையா, இல்லை மருமகனின் பயமா? செய்வதென்றால் இங்கே கிடைக்கும் சாமானை வைத்து எப்படிச் செய்வது? புத்தகப் பதில் வேண்டாம், கையால் செய்தவர்கள் சொல்லுங்கள்.


கிண்ணியா டீஓ எழுதியது:

நானா, உங்கள் இன்ஜினியர் சொன்னது பாதி சரி. இலங்கை புவித் தட்டின் உட்பகுதியில் இருக்கிறது. பெரிய நடுக்கங்கள் பிறக்கும் சுமாத்திராப் பக்கத்து விளிம்பு நமக்கு ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால். 2004 டிசம்பர் 26இல் அங்கே 9.1 அளவில் ஆடியபோது நமக்கு வந்தது கடல்தான், ஆட்டம் அல்ல. 2018 செப்டம்பரில் ஒரு இரவு திருமலையில் கட்டில் ஆடியது என்று எழும்பி ஓடியவர்கள் இருக்கிறார்கள். அது 4க்கும் குறைந்தது. ஒரு ஓடுகூட விழவில்லை. 1615இல் கொழும்பில் பெரிய சேதம் நடந்ததாகப் பழைய பதிவு இருப்பதால் 'வரவே வராது' என்று எழுதித்தர நான் தயாரில்லை. ஆனால் பூகம்பத்துக்குப் பயந்து வயரிங் செய்யும் ஊர் இதுவல்ல.

மற்றப் பாதி வேறு. நிலாவெளியில் உங்கள் வளவு நிரப்பிய மண்ணா, இயற்கை மணலா? றோட்டு மட்டத்துக்கு உயர்த்தக் கிரவல் கொட்டியிருந்தால், முதல் இரண்டு மாரிக்கு அது இறங்கும். கட்டடம் கருங்கல் அத்திவாரத்தில் நிற்கிறது, இறங்காது. இறங்கினாலும் மண் அளவுக்கு இறங்காது. புல்மோட்டை வீதியில் ஒரு கட்டடத்தில் பார்த்தேன். சுவரோரம் நிரப்பியது ஒரு சாண் இறங்கி, நடைபாதைக் கல் சரிந்து, பிவிசி பைப் சுவர் மட்டத்தில் வாய் பிளந்து நின்றது. அங்கே எந்தப் பூகம்பமும் வரவில்லை.

ஒரு வேண்டுகோள். ஓட்டை போடுகிறேன் என்று டை பீமை, அதாவது தூண்களைச் சேர்த்துக் கட்டும் கொங்கிரீட் பீமை, உடைத்து விடாதீர்கள். பீமுக்கு மேலே, தரை மட்டத்துக்குக் கீழே, கட்டு வேலைக்குள்ளால் போங்கள். கருங்கல் கட்டும்போதே உறையை வைத்துக் கட்டினால் பிறகு உளி பிடிக்கத் தேவையில்லை. கம்பியை வெட்டி பைப் விட்ட வயரிங்காரர் ஒருவரோடு நான் பட்ட பாட்டை இங்கே எழுதினால் அடிதடியில் முடியும்.


பாலையூற்றான் எழுதியது:

தம்பி உவர்மலை, நான் பிறந்தது பாலையூற்று, இப்போது இருப்பது நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச். வேலை மின்சாரம்தான். உங்கள் முதல் கேள்விக்கு நான் சொல்லலாம், ஏனென்றால் 2011 பெப்ரவரி 22இற்குப் பிறகு இந்த ஊரில் எங்களுக்கு வேறு வேலை இருக்கவில்லை. அன்று பகல் 12.51இற்கு 6.3 அளவில் ஆடியது. 185 பேர் போனார்கள். அதற்கு முன் 2010 செப்டம்பரில் 7.1 வந்தது, ஆனால் அது ஊருக்குத் தள்ளி. அளவு சிறிதான இரண்டாவதுதான் ஊரை முறித்தது. காரணம் அது ஊருக்கு மிகக் கிட்ட, ஆழமும் குறைவு.

கிழக்குப் பக்கத்தில் ஏவன் ஆற்றங்கரையோரமாக இருந்த பகுதிகளில் மண் திரவமாகியது. மெல்லிய மணல், இறுகாத மணல், கையெட்டும் ஆழத்தில் தண்ணீர். இந்த மூன்றும் சேர்ந்து நின்று பலமாகக் குலுங்கினால், மணல் மணிகள் ஒன்றையொன்று தாங்குவதை விட்டுவிடும். பாரம் முழுவதும் தண்ணீருக்கு மாறும். அந்த நேரத்தில் நிலம் சேற்றுக் குழம்பு. வீட்டு முற்றங்களில் சாம்பல் நிற மண் பொங்கி முழங்காலளவு நின்றது. மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து சவளால் அள்ளினார்கள்.

இப்போது உங்கள் பைப்புக்கு வருகிறேன். இந்த ஊரின் பெக்ஸ்லிப் பகுதியில் ஒரு வீடு. மெயின் போர்டிலிருந்து கராஜுக்கு ஒரு சப்மெயின் (கிளைக் கேபிள்) போயிருந்தது, பிவிசி பைப்புக்குள். கராஜ் தரைக் கொங்கிரீட்டுக்குள்ளால் பைப்பை நேராக மேலே எடுத்து இறுக்கி வார்த்திருந்தார்கள், நீங்கள் சொன்ன 'காலங்காலமாக' முறைதான். நான் சுவரோர மண்ணை விலக்கிப் பார்த்தபோது பைப் கொங்கிரீட்டின் விளிம்பில் வாளால் அறுத்ததுபோல் ஒரே மட்டத்தில் துண்டாகியிருந்தது. வெளித் துண்டு நாலு விரல் கீழே. இரண்டு துண்டுக்கும் இடையில் கேபிள் வீணைத் தந்தி மாதிரி இழுபட்டு நின்றது. உறை கிழிந்து கோர் தெரிந்தது. கராஜுக்குள் பெட்டியைத் திறந்தால், கரண்ட் கோர்கள் இரண்டும் இடத்தில் இருக்கின்றன. ஏர்த் மட்டும் அதைப் பூட்டும் உலோகப் பாரிலிருந்து கழன்று தொங்குகிறது. ஏனென்றால் பெட்டிக்குள் ஏர்த்தைத்தான் அளவாக வெட்டி மிச்சமில்லாமல் பூட்டியிருந்தார்கள். இழுவை வந்தபோது முதலில் போனது அது. லைட் எரிகிறது, வீட்டுக்காரர் கராஜுக்குப் போய் வருகிறார். இரும்பு மேசை, இரும்புக் கதவு, ஏர்த் இல்லை.

நம் 13 அம்பியர் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஒழுங்காகப் பூட்டியிருந்தால் மற்ற இரண்டையும்விட ஏர்த் வயர் நீளமாக விடப்பட்டிருக்கும். வயர் இழுபட்டால் கடைசியாகக் கழல வேண்டியது அதுதான். பிளக்கில் நாம் பார்ப்பதைப் பெரிய பெட்டியில் மறந்துவிடுகிறோம். உங்கள் நாலு கோர் கேபிளில் ஏர்த் தனியாகப் போகிறதென்றால் அதற்கு இன்னும் கொஞ்சம் வளைவு விடுங்கள். இலங்கையில் வளவிலேயே ஏர்த் கம்பி அடிப்பீர்கள் அல்லவா, அந்தக் கம்பியிலிருந்து பெட்டிக்கு வரும் வயரையும் இழுத்துக் கட்டாதீர்கள். கம்பி மண்ணோடு போகும், பெட்டி சுவரோடு நிற்கும்.

இனி மருமகனின் வரைபடத்தில் கனபேர் பிழையாக விளங்கிக்கொள்ளும் விசயம். மண் இறங்குவதற்குக் கேபிள் நீளம் தேவைப்படாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். தொட்டியிலிருந்து சுவர் வரை ஒன்றரை மீற்றர். தொட்டிப் பக்கம் 100 மி.மீ. இறங்கிவிட்டது என்று வையுங்கள். 1,500 மி.மீ. நீளம் 1,503 ஆகும். மூன்று மில்லிமீற்றர்! எந்தக் கேபிளும் அதைத் தாங்கும். அப்படியானால் ஏன் உடைகிறது? அந்த 100 மி.மீ. இறக்கம் ஒன்றரை மீற்றரில் பரவாமல், சுவர் விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்குள் நடப்பதால். பைப்பைக் கலவையால் இறுக்கினால் அந்த விளிம்பு கத்தரிக்கோல் ஆகிறது. உறைக்குள் தளர்வாக விட்டால் பைப் நாலு பாகை சரிந்துவிட்டுப் பேசாமல் இருக்கும். ஆக, சுவரில் தேவைப்படுவது சரிவதற்கு இடம்.

நீளம் தேவைப்படுவது வேறொன்றுக்கு. ஆற்றங்கரை, வாவிக்கரை, வெட்டிய வாய்க்கால் விளிம்பு போன்ற இடங்களில் திரவமான மண் தாழ்ந்த பக்கத்துக்குப் பக்கவாட்டில் நகரும். இங்கே ஏவன் கரையில் தெருவே ஆற்றை நோக்கி நகர்ந்து, நிலத்தில் கரைக்குச் சமாந்தரமாக வெடிப்புகள் விழுந்தன. அப்போது தொட்டி வீட்டை விட்டு விலகிப் போகிறது. 200 மி.மீ. விலகினால் 200 மி.மீ. கேபிள் வேண்டும், மூன்று மில்லிமீற்றர்க் கதை அங்கே செல்லாது. தொட்டிக்குள் விடும் வளைவு இதற்காகத்தான். உங்கள் வளவில் உப்பளப் பக்கம் தாழ்வு என்றால் தொட்டியை அந்தப் பக்கம் வைக்காதீர்கள்.

வீட்டு வயரிங் மட்டுமல்ல. இந்த ஊரின் மின் விநியோக நிறுவனம் ஓரியனின் 66 கிலோவோல்ட் நிலத்தடிக் கேபிள்கள், கிழக்குப் பகுதிக்குப் போனவை, மண் நகர்ந்ததில் திருத்த முடியாத அளவுக்குச் சேதமாகின. தற்காலிகமாகத் தூண் நட்டு ஆகாயக் கம்பி இழுத்துத்தான் கரண்ட் கொடுத்தார்கள். ஆகாயக் கம்பியில் பிழை எங்கே என்று கண்ணால் காணலாம். மண்ணுக்குள் போனதைத் தேடிக் கண்டுபிடித்துத் தோண்ட வேண்டும்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இதே ஊரில் 2005இல் திறந்த பெண்கள் மருத்துவமனை, ஈயமும் றபரும் சேர்ந்த தாங்கிகளின் மேல் நிற்கும் கட்டடம். நிலம் ஆட ஆட மேலே உள்ளது மெதுவாகத் தனியே அசையும். அப்படிப்பட்ட கட்டடத்துக்குள் போகும் ஒவ்வொரு குழாயும் ஒவ்வொரு கேபிளும் அந்த அசைவுக்கு ஏற்றபடி தொங்கலாக, வளைந்து போக வேண்டும். இல்லையென்றால் தாங்கி அசைய விட்டதைக் குழாய் பிடித்து இழுக்கும். உங்கள் விடுதிக்கு அது தேவையில்லை, ஆனால் கணக்கு ஒன்றுதான்: ஒன்றோடொன்று சேர்ந்து அசையாத இரண்டுக்கு நடுவில் எதையும் இறுக்காதே. அமெரிக்க மின் விதிகளிலும் இது இருக்கிறது. மண் இறங்கும் இடத்தில் கேபிளை 'எஸ்' வளைவாகப் போடு, மேலே ஏறும் குழாயில் நீளவும் குறுகவும் கூடிய இணைப்புப் போடு, சாமானோடு சேருமிடத்தை நெகிழ்வாக விடு என்று. அங்கே பனியில் மண் உப்புவதற்கும் அதே விதிதான்.


நகோயா ரிட்டர்ன் எழுதியது:

பாலையூற்றான் அண்ணா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நான் ஜப்பானில் படித்து, கொஞ்சக் காலம் வேலையும் செய்து, இப்போது சீனன்குடாப் பக்கம் இருக்கிறேன்.

2007 யூலை 16இல் நீகாத்தா மாகாணக் கரைக்கு அப்பால் வந்த நடுக்கத்தில் கஷிவசாகி-கரிவா அணுமின் நிலையத்தின் மூன்றாம் அலகில் ஒரு மின்மாற்றி எரிந்தது. புகை போவதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. என்ன நடந்தது தெரியுமா? மின்மாற்றி ஒரு அடித்தளத்தில் நின்றது. அதிலிருந்து கட்டடத்துக்குள் போகும் மின்கடத்திகளை மூடிய கூட்டைத் தாங்கிய அடித்தளம் வேறு, நிரப்பு மண்ணின் மேல். நிரப்பு மண் இறங்கியது, மின்மாற்றி அந்தளவு இறங்கவில்லை. இரண்டும் சேரும் இடத்தில் இழுபட்டு, உடைந்து, எண்ணெய் ஒழுகி, ஷோர்ட் ஆகிப் பற்றிக்கொண்டது. உலகத்தின் மிகப் பெரிய அணுமின் நிலையம், அதற்கும் பிரச்சினை உவர்மலை அண்ணனின் 110 பைப்புக்கு வருகிற அதே பிரச்சினை.

முதலாம் அலகில் நடந்தது இன்னும் நல்ல பாடம். வெளியே மண் இறங்கியதில் தீயணைப்புத் தண்ணீர்க் குழாய் உடைந்தது. அந்தத் தண்ணீர் மண்ணோடு சேர்ந்து, கேபிள்கள் நிலத்தடிச் சுவருக்குள் நுழையும் இடத்தால் உள்ளே புகுந்து, ஐந்தாம் நிலக்கீழ் தளத்தில் தேங்கியது. ஆயிரம் கனமீற்றருக்கு மேல். மேசன் பாஸ் சொன்ன 'தண்ணி வரும்' என்பது சும்மா பேச்சில்லை. நெகிழ விடு என்றால் திறந்து விடு என்று அர்த்தமில்லை.

தொட்டி பற்றியும் ஒரு எச்சரிக்கை. 2004 ஒக்டோபரில் அதே நீகாத்தாவில் வந்த சூவெத்சு நடுக்கத்தில் 1,400க்கும் மேற்பட்ட மேன்ஹோல்கள், அதாவது றோட்டில் மூடி போட்டிருக்கும் நிலத்தடித் தொட்டிகள், நிலத்துக்கு மேலே எழும்பி நின்றன. கொங்கிரீட் எப்படி மிதக்கும் என்று கேட்பீர்கள். ஒரு தொட்டியை எடுங்கள், வெளியளவு எல்லாப் பக்கமும் 900 மி.மீ., சுவரும் அடியும் 100 மி.மீ. மூடியோடு சேர்த்து 950 கிலோ வரும். வெறும் தண்ணீரில் அது மிதக்காது, ஏனென்றால் அது விலக்கும் தண்ணீர் 730 கிலோதான். ஆனால் திரவமான மண்ணின் பாரம் தண்ணீரைப் போல் ஏறத்தாழ 1.9 மடங்கு. 1,380 கிலோ மேலே தள்ளும். தொட்டி எழும்பும், கூடவே உள்ளே வந்த பைப்புகளையும் தூக்கும். வெறும் பைப்புக்கும் இதே கதைதான். திருமலைக்கு இந்தக் கணக்கு அதிகம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிழக்குக் கரை முழுக்க மெல்லிய மணலும் கைக்கெட்டும் தண்ணீரும் என்பதையும் மறக்க வேண்டாம். நமக்குக் குறைவது குலுக்கல் மட்டும்தான்.


உவர்மலை வயரிங் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கராஜ் கதையை வாசித்துவிட்டு நேற்று சைட்டில் இருந்த பெட்டியைத் திறந்து பார்த்தேன். என் பெடியன் ஏர்த்தை அளவெடுத்து அழகாக வெட்டிப் பூட்டி வைத்திருக்கிறான். வடிவுக்கு ஒரு குறையுமில்லை. கழற்றி வேறு துண்டு போடச் சொன்னேன். முறைத்துவிட்டுப் போட்டான்.

டீஓ தம்பி, வளவு நிரப்பியதுதான். பாதி கிரவல், பாதி கடல் மணல், மேலே ஒரு லோட் கொத்துக்கல். மருமகன் பூகம்பம் என்கிறார், நீங்கள் மாரி என்கிறீர்கள். எனக்கு எதுவானாலும் சரி, இறங்கப் போவது ஒரே மண்.

இப்போது மூன்றாவது கேள்விதான் மிச்சம். அந்தச் செம்புப் பின்னல் சாமான் இங்கே இல்லை. இறக்குமதி செய்து தரும் முதலாளியும் இல்லை. இருக்கிறதை வைத்து எப்படி? தண்ணீரும் வரக் கூடாது, எலியும் வரக் கூடாது, பைப்பும் ஆட வேண்டும்.


பழைய ட்ரிப் சுவிட்ச் எழுதியது:

மகன், நான் மெயினில் பியூஸ் கம்பி போட்ட காலத்து ஆள். வாசித்துக்கொண்டிருந்தேன், கை துருதுருத்தது.

அந்தச் சாமான் எதற்கு? அது இரும்புக் குழாய்க்கு. குழாயே ஏர்த்தாக வேலை செய்யும் நாட்டில் இணைப்பு நெகிழ்ந்தாலும் ஏர்த் அறக் கூடாது, அதற்குத்தான் உள்ளே செம்புப் பின்னல். உன்னுடையது பிவிசி பைப். உள்ளே ஓடுவது ஆர்மர் கேபிள், அது தன்பாட்டில் மண்ணுக்குள் கிடக்கவே செய்தது. ஆகவே பைப்பைத் தொட்டியிலிருந்து சுவர் வரை ஒரே துண்டாகக் கொண்டு போகும் யோசனையை விடு. தொட்டியோடு பைப்பை நிறுத்து. தொட்டிக்கும் சுவருக்கும் இடையில் கேபிளை மணலில் நேரடியாகக் கிடத்து, பாம்பு போகிற மாதிரி இரண்டு வளைவு விட்டு. கீழே ஒரு சாண் மணல், மேலே ஒரு சாண் மணல், அதற்கு மேல் ஓடு அல்லது கேபிள் மூடும் சிமெந்துப் பலகை, அப்புறம் மஞ்சள் எச்சரிக்கை நாடா. மணல் சலித்த ஆற்று மணலாக இருக்கட்டும். கடல் மணலில் உப்பு, ஆர்மர் கம்பி நாளடைவில் தின்னப்படும். கல் துண்டு ஒன்றுகூட இருக்கக் கூடாது.

வளைவு விடும்போது கேபிளை ஒடிக்காதே. வெளித் தடிப்பின் எட்டு மடங்குக்குக் குறையாத ஆரம். உன் கேபிள் 35 மி.மீ. தடிப்பு என்று வைத்தால் 280 மி.மீ. ஆரம். தொட்டிக்குள் முழு வளையம் போட ஆசைப்பட்டால் உள்ளளவு 700 மி.மீ.யாவது வேண்டும். எனக்குக் கேட்டால் முழு வளையம் வேண்டாம், அரை வளைவு போதும். முழு வளையம் போட்டால் பிறகு வருகிறவன் 'மிச்சம் கிடக்கு' என்று வெட்டிவிடுவான். நடந்திருக்கிறது.

சுவர் உறை: உன் கேபிளுக்கு 160 வேண்டாம், பைப் இல்லையென்றால் 110 துண்டு போதும். வெளிப்பக்கம் சற்றே கீழே சரியும்படி வை, தண்ணீர் வெளியே ஓடட்டும். உறையின் இரண்டு வாயையும் அரத்தால் ராவி விளிம்பை மழுக்கு. அறுத்த பைப்பின் விளிம்பு கேபிள் உறையைக் கீறும், ஆட்டம் வந்தால் இன்னும் கீறும். உறையைச் சுற்றி, அதாவது உறைக்கும் கருங்கல்லுக்கும் நடுவில், பாஸ் எவ்வளவு வேண்டுமானாலும் கலவை அடிக்கட்டும். அவருடைய மனம் ஆறும். உறைக்கு உள்ளே கரண்டி வைக்க விடாதே.

உள்ளே அடைப்பது இப்படி. ஸ்டெயின்லெஸ் சட்டி தேய்க்கும் சுருள் விற்கிறார்கள் அல்லவா, அதில் நாலைந்தை வாங்கிக் கேபிளைச் சுற்றி நடுவில் திணி. எலி அதைக் கடிக்காது. சாதாரண இரும்புச் சுருள் வேண்டாம், உன் இடத்தில் உப்புக் காற்றில் அது தூளாகிவிடும். இரண்டு வாயிலும் இறுகிப் போகாத புட்டி, விரலால் அமுக்கினால் வருடங்கள் போனாலும் குழையும் வகை. சிலர் ஸ்பிரே ஃபோமை அடித்து நிரப்புகிறார்கள். முதல் நாள் அழகாகத்தான் இருக்கும். அது காய்ந்தால் கெட்டி, கேபிள் அசைந்தால் பிளக்கும், தண்ணீர் பிளவால் வரும், இன்னொரு கேபிள் விடவும் முடியாது.

வெளி வாய்க்கு மேலே ஒரு சட்டை போடு. டிராக்டர் ரியூபில் ஒரு முழம் வெட்டி, ஒரு நுனியை உறையின் மேல் போட்டு ஸ்டெயின்லெஸ் கிளிப்பால் இறுக்கு. மற்ற நுனியைச் சுருக்கிக் கேபிளின் மேல் றபர் நாடா சுற்றிக் கிளிப் போடு. இழுத்துப் போடாதே, நடுவில் சுருக்கம் விழ வேண்டும். வெயில் படாமல் மண்ணுக்குள் கிடக்கும் ரியூப் நெடுநாள் இருக்கும். பஞ்சர்க் கடையில் சும்மாவே தருவார்கள்.

இன்னும் ஒன்று, வரைபடத்தில் இருந்ததோ தெரியாது. கேபிள் கிடங்கு மழைக்கு வாய்க்கால் ஆகிவிடும். றோட்டிலிருந்து 40 மீற்றர் தண்ணீரை மணல் வழியாகச் சேர்த்துக் கொண்டுவந்து உன் சுவரில் விடும். சுவருக்கு ஒரு மீற்றர் முன்னால் கிடங்கின் முழு அகலத்துக்கும் களிமண்ணை மிதித்து ஒரு தடுப்பு வை, கேபிள் அதற்குள்ளால் போகட்டும். களிமண் குழையும், உடைக்காது. கிடங்கு மூடும்போது ஒரே தரமாகக் கொட்டாமல் அரையடி அரையடியாகத் தண்ணீர் விட்டு இறுக்கு. பாதிப் பிரச்சினை அங்கேயே போய்விடும்.


கிண்ணியா டீஓ எழுதியது:

களிமண் தடுப்புக்கு என் ஓட்டு. ரியூப் சட்டையைப் பற்றிச் சிரித்துக்கொண்டேதான் வாசித்தேன், பிழை ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.


உவர்மலை வயரிங் எழுதியது:

பெரியவர், காலில் விழுகிறேன். மருமகனுக்கு இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன். கேபிளை நேரடியாக மணலில் கிடத்துவது தனக்கும் சம்மதம், தன் படத்தைவிட இது எளிது என்று பதில் போட்டிருக்கிறார். களிமண்ணை மட்டும் எங்கே எடுப்பது என்று கேட்டார். கண்டல்காடு என்ற ஊரிலிருந்து ஒரு டிராக்டர் பெட்டி சொல்லியாயிற்று. தொட்டியை உப்பளப் பக்கத்திலிருந்து றோட்டுப் பக்க மூலைக்கு மாற்றிவிட்டேன், பாஸ் வெட்டிய கிடங்கை மூடிப் புதிதாக வெட்டுகிறார், அவரோடு இரண்டு நாளாகப் பேச்சில்லை.

ஒரே ஒரு சந்தேகம். கமரா, இன்டர்நெட் குழாய்க்கு ஆர்மர் இல்லை. அதை மணலில் நேரே போட முடியாது. அதற்கு என்ன செய்வது?


பாலையூற்றான் எழுதியது:

அதற்கு நெளிவு நெளிவாக வரும் கறுப்பு எச்டிபிஈ பிளாஸ்டிக் குழாய் இருக்கிறதே, சுருளாக விற்பது, அதைத் தொட்டியிலிருந்து உள்ளே பெட்டி வரை ஒரே துண்டாகப் போடுங்கள். நடுவில் மூட்டு வேண்டாம். சுவரில் அதற்கும் ஒரு பெரிய உறை, அதே புட்டி. கரண்ட் கேபிளிலிருந்து ஒரு அடி தள்ளிப் போகட்டும். ஃபைபர் என்றால் தொட்டிக்குள் ஒரு சுற்று வளையம் விடலாம், ஆனால் ஆர்மர் கேபிளின் பாரம் அதன் மேல் விழாதபடி தொட்டிச் சுவரில் தனிக் கொளுக்கியில். குழாய்க்குள் ஒரு நைலோன் இழுகயிற்றையும் விட்டு இரண்டு வாயையும் மூடிவிடுங்கள். விடுதி திறந்து மூன்றாம் மாதம் முதலாளி இன்னும் இரண்டு கமரா கேட்பார்.